யார் அங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் கணிப்பொறி வலையமைப்பைப் புதுப்பிக்கும் பணிக்கு என்னை மேற்பார்வையாளனாக அழைத்திருந்தார்கள். சுவரோரம் ஓடிய பழைய கம்பிகளை அகற்றிப் புதியன அமைக்க வேண்டும். அலுவலகச் சுவரில் ஒரு படம் தொங்கியது. எந்த அறையில் எந்தக் கணிப்பொறி, எந்தக் கம்பியில் எது என்பதெல்லாம் அதில் அழகாக வரையப்பட்டிருந்தன. மொத்தம் 31 சாதனங்கள். “இந்தப் படம் போதுமே, நாளைக்கே தொடங்கலாம்” என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். எனக்குத்தான் தயக்கம். படம் வரைந்தவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் இல்லாத ஒன்று கம்பியின் மறுமுனையில் இருந்தால் அதன் கதி என்ன?

ஒரு கட்டடத்துக்குள் இணைந்திருக்கும் கணிப்பொறிகளுக்கே தம்முடன் இருப்பவை எவை என்று தெரியாதா என நேயர்கள் வியக்கலாம். தெரியாது. அதற்குக் காரணம் அந்த வலையமைப்பின் பிறப்பிலேயே இருக்கிறது.

வானொலிக்கும் அந்தப் பிறப்பில் பங்குண்டு. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஏப்ரம்சனும் அவர் தோழர்களும் 1971ஆம் ஆண்டில் அலோஹா என்னும் வலையமைப்பை இயக்கினர். வெவ்வேறிடங்களில் இருந்தோர் ஒரே வானொலி அலைவரிசையில் பல்கலைக்கழகக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பினர். இருவர் செய்திகள் மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புவர். இந்தக் கருத்தை வளர்த்துக் கம்பிக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் மெட்காஃப். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973 மே மாதம் அவர் எழுதிய குறிப்பிலிருந்து ஈதர்நெட் பிறந்தது. டேவிட் பாக்ஸ் அவருக்குத் துணை நின்றார். ஒளி பரவுவதற்கென்று முற்கால விஞ்ஞானிகள் கற்பித்த ஈதர் என்னும் ஊடகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

தொலைபேசி நிலையத்தில் எல்லாருடைய எண்களும் அடங்கிய பட்டியல் உண்டு. ஈதர்நெட்டில் தலைமை நிலையமே கிடையாது. ஆகவே பட்டியலும் கிடையாது. யாரையும் கேளாமல் புதியதொரு கணிப்பொறியை இணைக்கலாம். இந்த எளிமையால்தான் அது உலகெங்கும் பரவிற்று. யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமற் போனதும் இதனால்தான்.

பட்டியல் இல்லாத ஊரில் ஆளைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? தண்டோராப் போட வேண்டியதுதான். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் வகுத்த ஏ.ஆர்.பி. என்னும் முறை அத்தகையதே. ஈதர்நெட் சாதனம் ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியின்போதே ஓர் எண் பொறிக்கப்படுகிறது. இணைய விலாசம் வேறு. “இந்த விலாசத்துக்கு உரியவர் யார்?” என்று ஒரு கணிப்பொறி எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். உரியது மட்டும் தன் எண்ணைச் சொல்லும், ஏனையவை வாளாவிருக்கும்.

மறு ஆண்டு டிசம்பரில் இன்னொரு கருவி தோன்றியது. அமெரிக்கத் தரைப்படையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பில் நேர்ந்த ஏதோ கோளாற்றை ஆராய்வதற்காக ‘பிங்’ என்ற நிரலை ஓரிரவில் எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் கடலுக்குள் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பர். அந்த ஓசையே அதன் பெயராயிற்று. மூஸ் தாம் கேள்விப்பட்ட கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் தம் ஈதர்நெட்டில் விட்டு விட்டு வரும் பழுது ஒன்றைத் தேடினாராம். எதிரொலி வரும்போதெல்லாம் ‘பிங், பிங்’ என்று உரக்கச் சொல்லும்படி கணிப்பொறியை ஒலிபெருக்கியுடன் இணைத்தார். பிறகு கட்டடமெங்கும் நடந்து, ஒவ்வோர் இணைப்பாக அசைத்துக்கொண்டே போனார். ஓசை நின்ற இடத்தில் பழுது அகப்பட்டது!

1997இல் கோர்டன் லயன் வெளியிட்ட என்மேப் என்னும் நிரல் இத்தகைய வினாக்களை நூற்றுக்கணக்கான விலாசங்களுக்கு ஒருங்கே விடுக்க வழி செய்தது. ஊர்க்காவலன் கேட்கும் கேள்வியைத் திருடனும் கேட்கலாம். அது மட்டுமன்று, ஏ.ஆர்.பி. எவரிடமும் சான்று கேட்பதில்லை. “நானே அவன்” என்று பொய்யன் முந்திக்கொண்டால் அதையும் நம்பிவிடும். அதனால் கல்லூரி முதல்வரின் எழுத்து மூலமான அனுமதி பெற்ற பின்னரே நான் என் தேடலைத் தொடங்கினேன்.

முதலில் பிங். 34 பதில்கள் வந்தன. படத்தைவிட மூன்று கூடுதல். பிறகு ஏ.ஆர்.பி. 36 வந்தன! பிங்குக்கு விடையளியாதே என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டு வைக்கலாம். ஏ.ஆர்.பி. கேள்விக்கு விடை தராவிட்டாலோ பக்கத்திலிருப்பவை அதனுடன் பேசவே இயலாது. மௌனமாயிருந்த இரண்டும் இவ்வாறு அகப்பட்டன. அணைந்திருக்கும் கணிப்பொறி எதற்கும் விடை சொல்லாதல்லவா? எனவே ஒரு வாரம் பல வேளைகளில் கேட்டேன். எண்ணிக்கை 38 ஆயிற்று.

மௌனமானவற்றுள் ஒன்று புதிய கணிப்பொறி. மற்றொன்றை ஒருவரும் அறியவில்லை. அதன் எண்ணின் முற்பகுதி அதைச் செய்த நிறுவனத்தைக் காட்டியது. கம்பிகள் வந்து கூடும் ஸ்விட்ச் என்னும் பெட்டி, எந்த எண் எந்த வாயிலிலிருந்து பேசுகிறது என்று தானே கற்றுக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு 17ஆம் வாயிலைச் சொல்லிற்று. கம்பியைப் பின்தொடர்ந்து நூலகத்தின் பின்னறைக்குச் சென்றேன். பீரோவுக்குப் பின்னால், தூசிக்கு நடுவே, ஒரு பழைய கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தது.

நூலகத்தின் பழைய நூல்களுக்குரிய அட்டவணை முழுவதும் அதற்குள் இருந்தது, வேறெங்கும் படியில்லை. நூலகர் அம்மையார் நாள்தோறும் தம் இருக்கையிலிருந்தே அதைப் பயன்படுத்தி வந்தார். அது இருக்குமிடம் அவருக்கும் தெரியாது. அந்த அறையிலிருந்த சாமான்களையெல்லாம் அடுத்த திங்கட்கிழமை பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவாகியிருந்தது.

அட்டவணைக்கு இரண்டு படிகள் எடுத்த பின்னரே கம்பிகளைத் தொட்டோம். வேலை முடிந்ததும் புதிய படம் ஒன்று வரைந்து கொடுத்தேன். அதன் அடியில் என் பெயரை எழுதவில்லை. நான் அவற்றைக் கேட்டறிந்த தேதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன். ஆண்டுதோறும் மீண்டும் கேட்டு அத்தேதியைத் திருத்துமாறு கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு விடைபெற்றேன்.