கேமரா பெட்டியும் ஊட்டி ஃபிலிமும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இந்து நகர் வருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது எச்.பி.எஃப். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960இல் பதிவாகி, 1967இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தொழில்நுட்பம் தந்தது பிரான்சின் போஷே நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பிரிண்ட் போடும் தாள் என்று எல்லாம் இங்கிருந்து நாடெங்கும் போயின.

இந்த வேலைக்கு மலை ஏறி வரக் காரணம் இருந்தது. வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து, மெல்லிய பட்டையின் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். அந்தப் பூச்சில் ஒரு தூசு விழுந்தாலும் அது படத்தில் புள்ளியாக நிற்கும். வெக்கை ஜெலட்டினைக் கெடுக்கும். குளிர்ச்சியும் தூசு குறைந்த காற்றும் நல்ல தண்ணீரும் ஊட்டியில் இருந்தன. ஒளி பட்டால் சரக்கு வீண் என்பதால் ஆலையின் முக்கியமான பகுதிகளில் வேலை நடந்ததே இருட்டில்தான். விளக்கில்லாமல், கைப்பழக்கத்தால் வேலை செய்த அந்தத் தொழிலாளர்களுக்கு இந்தியப் புகைப்படக் கலை பட்டிருக்கும் கடன் இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை.

அந்த ஆலையின் கதை இன்றைய கேமராக் கடைக்கும் பொருந்தும். மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறவர்கள் இன்று கேட்பது ஒன்றுதான்: இந்த பாடிக்கும் அந்த பாடிக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியுமா? எச்.பி.எஃப். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இதற்குப் பதில் சுலபம். பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, ஒரு ஷட்டர், ஃபிலிமை நகர்த்த ஒரு திருகு. வெளிச்சம் போய் விழும் பரப்பு கேமராவோடு வரவில்லை. ஊட்டியிலிருந்து ரோலாக வந்தது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரோலை மாற்றிக்கொள்ளலாம்.

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III பல வீடுகளில் இருந்தது. ஷட்டர் வேகத்தை மாற்ற அதில் வழி கிடையாது. வெயிலா, மேகமா என்று குறி பார்த்து வைத்துவிட்டு அமுக்க வேண்டியதுதான். ஆனால் அதில் போடும் 120 ரோலில் கிடைத்த 12 நெகட்டிவ்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் சதுரம். விலை உயர்ந்த 35 மில்லிமீட்டர் கேமராவின் நெகட்டிவைவிட அது பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். நல்ல வெயிலில், அசையாத ஆளை எடுத்துச் சிறிய பிரிண்ட் போட்டால் அந்தச் சாதாரணப் பெட்டி தலைகுனிய வேண்டியதில்லை. மங்கலான வெளிச்சத்திலோ ஓடும் குழந்தையின் முன்னாலோதான் அது தோற்றது.

இதே மலையில் அதற்கும் நூறாண்டுக்கு முன்னால் இந்தப் பாடம் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. சென்னையிலும் ஊட்டியிலும் ஸ்டுடியோ வைத்திருந்த நிக்கலஸ் சகோதரர்களும், 1860களில் இளைஞராக இந்தியாவுக்கு வந்து பிறகு ஊட்டியில் சொந்த ஸ்டுடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென்னும் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைப் படம் எடுத்தார்கள். அது கொலோடியன் காலம். கண்ணாடித் தகட்டில் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். மலைப்பாதையில் இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கூடவே போக வேண்டும்.

அத்தனை பாடுபட்டு எடுத்த தகட்டுக்கும் ஒரு குறை இருந்தது. கொலோடியன் நீல ஒளியை நன்றாக வாங்கும். சிவப்பு அதற்குத் தெரியாது. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் வெள்ளைத் துணிமேல் சிவப்பும் கறுப்புமாக வேலைப்பாடு இருக்கும். அந்தத் தகட்டில் இரண்டு நிறமும் ஒரே கருமையாகத்தான் விழும். நீல வானம் வெளுத்து வெறுமையாகும், சோலைக்காடு கருந்திட்டாகும். பெட்டியை எவ்வளவு நேர்த்தியாகத் தேக்கில் செய்திருந்தாலும், பித்தளையில் எவ்வளவு இழைத்திருந்தாலும் அந்தச் சிவப்பைக் கொண்டுவந்திருக்க முடியாது. எல்லா நிறத்துக்கும் இசையும் பான்குரோமாட்டிக் பூச்சு 20ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

பெட்டியின் பிராண்டைப் பற்றிக் கவலைப்படாதவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதியவர், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் நடந்தும் யானைமேல் ஏறியும் காட்டுயானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். எந்தக் கடையிலும் அதற்கு ஈடான மாடல் கிடைத்திருக்காது. தன் காட்டுக்கும் தன் விலங்குகளுக்கும் எது வேண்டுமோ அதைச் சேர்த்துக்கொண்டார், மற்றதை விட்டுவிட்டார். மிரர்லெஸ் வாங்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டில் இல்லை.

எச்.பி.எஃப்.பின் கதை துயரமாக முடிந்தது. உலகம் கலருக்கு மாறியது. இறக்குமதி தாராளமானது. 1990களில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரும் கடனில் கட்டிய புதிய பிரிவு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே அது நலிந்த நிறுவனமாகிவிட்டது. மீதமிருந்த ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு 2014இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்துவிட்டது.

கணக்கு மாறியது அங்கேதான். சென்சாரை ரோல்போலக் கழற்றி மாற்ற முடியாது. பாடி வாங்கினால் அதுவும் சேர்ந்தே வரும். அப்படியானால் பாடிதான் எல்லாமா? அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள, ஒரே காலத்துச் சென்சார்களுக்கு இடையே பட நேர்த்தியில் உள்ள வித்தியாசத்தை அச்சில் கண்டுபிடிப்பது கடினம். போட்டி நிறுவனங்களின் பல கேமராக்களுக்குள் இருப்பதே சோனி செய்த சென்சார்தான். அளவு மாறினால் விஷயம் வேறு. ஃபுல்ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஏ.பி.எஸ்.-சி சென்சாரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நல்ல வெளிச்சத்தில் இது தெரியாது. சோலைக்குள் மாலை ஐந்து மணிக்குத் தெரியும்.

வேகமும் அப்படித்தான். 2017இல் சோனி ஏ9 வந்தபோது, சென்சாரிலிருந்து படத்தை மிக விரைவாகப் படித்தெடுக்கும் அடுக்குச் சென்சார் அதில் இருந்தது. மெதுவாகப் படிக்கும் சென்சாரில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பறவையின் சிறகு வளைந்து விழும், கல்யாண மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் வரிவரியாகக் கோடு விழும். கேமராவை முக்காலியில் வைத்துத் தேயிலைத் தோட்டத்தை எடுப்பவருக்கு இதில் ஒரு பைசா நன்மை இல்லை. கிளைக்குக் கிளை தாவும் நீலகிரி ஈப்பிடிப்பானைத் துரத்துபவருக்கு ஆட்டோஃபோகஸும் இந்த வேகமும் லென்ஸுக்கு அடுத்தபடி முக்கியம்.

லென்ஸ்தான் முதலில். சோனி இ, நிக்கான் இசட், கேனான் ஆர்.எஃப். என்ற லென்ஸ் மாட்டும் மவுன்டுகளில் ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த பத்தாண்டு லென்ஸ் செலவு அந்தத் தடத்தில்தான் போகும். பாடியை நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடலாம்; சேர்த்த லென்ஸ்களை மாற்ற மனம் வராது, விலையும் வராது.

பிறகு இந்த ஊரின் சொந்தக் கேள்விகள். ஜூன், ஜூலை மழையில் குந்தா, அவலாஞ்சி பக்கம் போகிறவர் ஈரம் புகாத ரப்பர் அடைப்பு பாடியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. மாட்டும் லென்ஸின் மவுன்டிலும் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த இணைப்பு வழியாகவே இறங்கும். ஜனவரி உறைபனியில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மிரர்லெஸில் வியூஃபைண்டருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் சட்டைக்குள் சூடாக இன்னொரு பேட்டரி இருப்பது நல்லது. லென்ஸில் படரும் பூஞ்சைக்கு எந்த பிராண்டும் விலக்கில்லை. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கேமராவோடு ஒரே நாளில் வாங்க வேண்டியவை.