செய்மதியும் கிராமப் பாடசாலையும்

1975 ஆகஸ்ட் தொடக்கம் ஓராண்டு காலம், அமெரிக்காவிடம் இரவல் பெற்ற ஏ.ரி.எஸ்.-6 செய்மதியின் துணையோடு, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. பெட்டிகள் பெரும்பாலும் பாடசாலைகளிலேயே வைக்கப்பட்டன. பல இடங்களில் ஆசிரியரே அவற்றின் காவலர். காலையில் சிறுவர்க்குப் பாடம். மாலையில் வேளாண்மை, சுகாதார நிகழ்ச்சிகளைக் காணப் பெற்றோர் அதே இடத்திற் கூடினர். எழுத்தறியாதாரும் பாடசாலை முற்றத்தில் உரிமையோடு அமர்ந்தனர் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் கிராமம் கேட்டதேயன்றிப் பேசவில்லை. 1976 யூலை முடிவில் செய்மதி விலகியது. பல ஊர்களிற் பெட்டி இருந்தும் படமில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்திலோ, பீஜ் என்னும் ஊரின் சிறு ஒளிபரப்பு நிலையத்தின் வழியே கிராமத்தவர் தம் குறைகளைத் தம் பேச்சுமொழியிலேயே கமெராவின்முன் உரைத்தனர். 1984 இல் யுனெஸ்கோ பரிசளித்தது இம்முயற்சிக்கே.