சுவர் கடைசியில் வரும் சித்திரம்

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. "சரித்திரம் படிச்ச ஆள் நீங்க, ஒரு கட்டுரை வேணும் சார், ரொம்ப நீளம் வேண்டாம்" என்றார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு மூன்று பித்துகள்: ஊர் சுற்றுவது, பழைய கண்ணாடி ஓவியங்களைத் தேடிப் பார்ப்பது, பழமொழிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது. மூன்றும் சந்திக்கிற இடம் நம்ம தஞ்சாவூர் என்பதால் அதையே எழுதுகிறேன்.

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்ற வாக்கைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். தஞ்சைக் கண்ணாடி ஓவியத்தில் மட்டும் இந்த வாக்கு தலைகீழ். இங்கே சித்திரம் முதலில், சுவர் கடைசியில்! கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதி முன்பக்கமாகப் பார்க்கிற ஓவியம் இது. காகிதத்தில் எழுதிய கோட்டுப் படத்தை அடியில் வைத்து, மெல்லிய தூரிகையால் முதலில் கோடுகளை எழுதுவார்கள். கண், புருவம், நகை, உடைக் கரை எல்லாம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். பிறகு தங்க ரேக்கு, பிறகு உடைக்கும் உடம்புக்கும் வண்ணம். பின்னணித் திரையும் சுவரும் எல்லாவற்றுக்கும் கடைசி. பலகையில் எழுதினால் கண்ணை மேலே திருத்திக்கொள்ளலாம். கண்ணாடியிலோ மேலே வண்ணம் ஏறிய பிறகு கோட்டைத் தொட முடியாது. இடம் வலம் வேறு மாறிவிடும். கோட்டுப் படத்தை மாற்றி எழுதிக்கொள்ளாவிட்டால் வெண்ணெய்க் கிருஷ்ணன் இடது கைக்காரன் ஆகிவிடுவான்! 'பதறாத காரியம் சிதறாது' என்பது இந்தக் கைவேலைக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

இந்தக் கலை நம் மண்ணில் பிறந்ததல்ல. ஐரோப்பாவில் வளர்ந்து, சீனத்தின் காண்டன் துறைமுகத்துக்குப் போய், 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டு மேற்குக் கரைக்கு வந்தது. அப்புறம் உள்நாட்டு அரசவைகளுக்கும் தென்னாட்டுக்கும் பரவியது. சோழ மண்டலக் கரைக்கும் அந்நியக் கப்பல்கள் புதியவை அல்ல. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள், நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் என்று நம் வாசலிலேயே கடல் வாணிபம் நடந்தது.

ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, மியூனிக்குக்குத் தெற்கே முர்நாவ் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனான். அங்கே அருங்காட்சியகத்தில் கிறிஸ்தவப் புனிதர்களின் கண்ணாடி ஓவியங்கள் வரிசையாக இருந்தன. அழுத்தமான கறுப்புக் கோடு, பளீரென்ற சிவப்பு, நீலம். "அட, நம்ம ஊர் கிருஷ்ணன் படம் மாதிரியே இருக்கே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். 1909 வாக்கில் காந்தின்ஸ்கி, கப்ரியேலே முன்டர் ஆகிய நவீன ஓவியர்கள் அந்த ஊர்க் கிராமியக் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்துத் தாங்களும் எழுதத் தொடங்கினார்களாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்கு அக்கரையில் நின்றபோதுதான் இக்கரையின் பச்சை தெரிந்தது.

தஞ்சையில் இதற்கு வாழ்வு வந்தது மராட்டிய மன்னர் காலத்தில். இரண்டாம் சரபோஜி 1798-இல் பட்டத்துக்கு வந்தார். 1799 உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியார் கைக்குப் போய், அவருக்குக் கோட்டையும் மானியமும் மிஞ்சின. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. புத்தகம், ஓவியம், வைத்தியம் என்று இறங்கினார். 1820-இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டார். காசிப் படித்துறைகளின் வண்ண ஓவியங்கள் சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன. ஓவியர்களுக்கு அப்படி ஒரு ஆதரவாளர்! 1832-இல் அவரும், 1855-இல் ஆண் வாரிசின்றி அவர் மகன் சிவாஜியும் மறைந்தபின் அரண்மனை ஆதரவு போயிற்று.

பிறகு ஓவியர்களுக்குச் சோறு போட்டவர்கள் மிராசுதார்களும் வணிகர்களும் பஜனை மடங்களும்தான். பலா மரப் பலகை, சுதை, கல் பதிப்பு என்று செலவு வைக்கும் தஞ்சாவூர்ப் படத்தைவிடக் கண்ணாடிப் படம் மலிவு. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது சாதாரணக் குடும்பமும் ஒரு ராமர் பட்டாபிஷேகம் வாங்கி மாட்ட முடிந்தது. 1894-இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்களும் அயல்நாட்டு அச்சுப் படங்களும் இன்னும் மலிவாக வந்து இறங்கவே, கண்ணாடி ஓவியர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. பின்னாளில் ஜெயா அப்பாசாமி இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றித் தனி நூலே எழுதி, அறிஞர்கள் கவனத்தை இதன் பக்கம் திருப்பினார்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம்மில் பாதிப் பேர் ஆற்றங்கரைக் கிராமத்து ஓட்டு வீட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. பரணில் கிடக்கும் படம் பழைய இரும்புக்காரர் தராசுக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புதுமனைப் புகுவிழாவுக்காகப் படத்தைக் கழற்றி, பின்பக்கத்தை ஈரத் துணியால் 'சுத்தம்' செய்தார்கள். நூறு வருஷத்துக் கிருஷ்ணன் துணியோடு வந்துவிட்டான். வெறும் கண்ணாடிதான் மிச்சம்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது கூடத்துச் சுவரையும் பரணையும் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் காகிதம் இல்லாமல் கண்ணாடியிலேயே வண்ணம் ஒட்டியிருந்தால் அது இந்த ஓவியம். முன்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பின்பக்கத்தில் கை வைக்க வேண்டாம். வெயிலும் ஈரச் சுவரும் ஆகாது. வண்ணம் உதிர்ந்தால் ஒட்டுப் போடாமல் அருங்காட்சியகத்தாரைக் கேளுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அவர்களிடமே கொடுத்துவிடலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

எந்த ஊர், யார் வீடு, எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு புகைப்படம் எடுத்து வாருங்கள். நம்மிடம் எத்தனை மிச்சமிருக்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.