மருந்தினால் தாமதமாக வரும் காய்ச்சலும் தடிப்பும்: ‘டிரெஸ்’ நோய்க்குறித்தொகுப்பு

‘டிரெஸ்’ என்பது சில மருந்துகளால் ஏற்படும் கடுமையான ஒவ்வாமை. காய்ச்சல், உடலெங்கும் செந்தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல், இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிகுதல் ஆகியவற்றுடன் கல்லீரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டோரில் 10 விழுக்காடு வரை உயிரிழக்கக்கூடும்.

இந்நோய் கண்டறியப்படாமல் போவதற்கு முதன்மையான காரணம் அதன் தாமதமே. மருந்தைத் தொடங்கி 2 முதல் 8 வாரங்கள் கழித்தே இது வெளிப்படுகிறது. தலைக்காயத்திற்குப் பின் வலிப்பைத் தடுக்க ஃபெனிடாயின் உட்கொள்ளும் ஒருவருக்கு மூன்றாம் வாரத்தில் காய்ச்சலும் தடிப்பும் தோன்றினால், எவரும் மாத்திரையை நினைப்பதில்லை. அம்மை என்று கருதி வீட்டில் வேப்பிலை வைப்போர் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளில் மழைக்காலக் காய்ச்சல் பெருகும்போது, மருத்துவரின் எண்ணமும் முதலில் டெங்கு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றின் பக்கமே செல்லும். அப்பரிசோதனைகள் தேவையானவையே. அவற்றில் ஒன்றும் தெரியாதபோது ‘வைரஸ் காய்ச்சல்’ என எழுதி, ஃபெனிடாயினையும் தொடர்வதுதான் ஆபத்து. இரத்தப் பரிசோதனை அறிக்கையின் ஈசினோபில் வரி பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. தொடக்க நாட்களில் அந்த எண்ணிக்கை இயல்பாகவும் இருக்கலாம் என்பதால், ஐயம் இருப்பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

ஃபெனிடாயின், கார்பமசிபைன், ஃபீனோபார்பிட்டோன், யூரிக் அமிலத்திற்கான அல்லோபூரினால், தொழுநோய்க்கான டாப்சோன், சில காசநோய் மருந்துகள் ஆகியவை இதனை உண்டாக்கக்கூடும். மாதவிடாய் வலிக்குப் பயன்படும் மெஃபெனாமிக் அமிலம் குறித்து இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அது தடை அன்று. ஆயினும் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் இம்மாத்திரையைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. மருத்துவர் கேட்டாலும் சொல்வதில்லை.

புதிய மருந்து தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அன்றே எல்லா மாத்திரை அட்டைகளுடனும் அரசு மருத்துவமனையை அணுகுங்கள். வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு அடுத்தடுத்து வரக்கூடும். மருத்துவர் அதனை உடனே நிறுத்தி மாற்று மருந்து தருவார். ஃபெனிடாயினால் பாதிக்கப்பட்டவருக்குக் கார்பமசிபைனும் ஃபீனோபார்பிட்டோனும் பொருந்தா. இவற்றிற்கு மாற்றினால் நோய் மீண்டும் தாக்கக்கூடும். ஸ்டீராய்டு சிகிச்சை தரப்பட்டால், மருத்துவர் கூறியவாறு படிப்படியாகவே குறைக்க வேண்டும். குணமடைந்து சில மாதங்களுக்குப் பின் தைராய்டு பாதிப்பும் தோன்றலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள்.

மருந்தின் பக்கவிளைவுகளை மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.