செவி சாய்த்த நகரம்

"மக்களுக்குப் பொதுக் காரியங்களில் அக்கறை இல்லை" என்பது ஆள்வோர் பலரும் கூறும் குறை. கூட்டம் கூட்டினால் வருவோர் இலர். வந்தாலும் வாய் திறப்போர் இலர் என்பர். இந்த அசட்டை மக்களின் இயல்பா, அல்லது அனுபவம் புகட்டிய பாடமா? தென் பிரேசிலில் உள்ள போர்ட்டோ அலெக்ரே நகரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1964 முதல் 1985 வரை பிரேசில் இராணுவ ஆட்சியின் பிடியில் இருந்தது. கேட்கப்படாமலே வாழ்ந்து பழகிய மக்கள் அவர்கள். 1988ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஒலிவியோ துத்ரா அந்நகரின் மேயரானார். நகராட்சி எந்தப் பணிக்கு முதலிடம் தரவேண்டும் என்பதை மக்களே கூடித் தீர்மானிக்கும் முறை 1989இல் தொடங்கிற்று. நகரம் 16 வட்டாரங்களாக வகுக்கப்பட்டது.

தொடக்கம் கசப்பாகவே அமைந்தது. வருவாயின் பெரும்பகுதியைச் சம்பளமே விழுங்கிவிட, தீர்மானங்கள் ஏட்டளவில் நின்றன. 1990இல் கூட்டங்களுக்கு வந்தோர் ஓராயிரம் பேர் அளவே. "பார்த்தீர்களா, அக்கறையற்ற மக்கள்!" என்று அப்போது கைகழுவியிருக்கலாம். நகராட்சியோ வரிகளைச் சீரமைத்தது. வாக்களித்த பணிகளைத் தொடங்கியது. ஏழை மக்களின் குடியிருப்புகளுக்குச் சாலையும் கழிவுநீர்க் குழாயும் சென்றன. 1993இல் வந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது!

மக்கள் மாறிவிடவில்லை, அவர்தம் கணக்கே மாறியது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் தன் மாலைப் பொழுதைக் கூட்டத்திற்குத் தருவதென்றால், அது வீண்போகாது என்னும் உறுதி வேண்டும். அடுத்த தெருவில் போடப்பட்ட சாலை அந்த உறுதியை அளித்தது. நூறு சொற்பொழிவுகள் அதனை அளித்திரா.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மக்கள்தொகை, வசதிக்குறைவு, வட்டாரத்தார் தந்த முன்னுரிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டே பணம் பங்கிடப்பட்டது. அளவுகோல் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கேட்டது கிடைக்காதவனும் தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதில்லை. அடுத்த ஆண்டும் அவன் வருவான்.

16 ஆண்டுகள் நகரை ஆண்ட கட்சி 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றது. முறை நீடித்தது, ஆயினும் அதன் உயிர் குன்றலாயிற்று. 2017இல் பணமில்லை எனக் கூறி நகராட்சி அக்கூட்டங்களையே நிறுத்திவைத்தது. மக்களை அழைப்பது எளிது; அவர்கள் சொன்னதைச் செய்வதே அரிது. செய்யாதவிடத்து அடுத்த அழைப்புக்கு வெற்று நாற்காலிகளே விடை கூறும்.