கொன்றையும் அதன் இனங்களும்

சிவபெருமான் திருமுடிக்குரிய மலர்களுள் கொன்றை தலையாயது. அகநானூறு, புறநானூறு என்னும் தொகைகட்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனார், இறைவனைக் கொன்றை சூடியவனாகவே காட்டுகின்றார். ஔவையாரின் கொன்றைவேந்தன் தன் பெயரையே இம்மலரால் பெற்றது. பாண்டிநாட்டுத் திருப்புத்தூரில் இது தலமரமாக விளங்குகின்றது. இத்துணைச் சிறப்புடைய மரம் யாது என்பதில் இந்நாளில் மயக்கம் மிகுந்திருத்தலின், அதனைத் தெளிதல் அன்பர்க்கு இன்றியமையாததாம்.

மஞ்சட்பூ உடைய மரம் எதனையும் கொன்றை என்றழைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. சாலையோரத்து மஞ்சட்கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், காய் தட்டையானது. பெருங்கொன்றையின் இலை மிக நுண்ணியது, அதன் காயும் தட்டையே, செம்பு நிறமுடையது. வீட்டு முற்றத்து மயிற்கொன்றை அமெரிக்க நாட்டிலிருந்து வந்த செடி. இவை பெயரளவிற் கொன்றையேயன்றிப் பெருமான் சூடும் கொன்றை அல்ல.

உண்மைக் கொன்றை சரக்கொன்றையே. பொற்சரம் போன்று ஓரடிக்கு மேலும் நீண்டு தொங்கும் பூங்கொத்து, ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், அவற்றுள் மூன்று நீண்டு வளைந்தவை, ஓரடி முதல் ஈரடி வரை நீளும் உருண்ட கருங்காய், அதனுள் அறை அறையாக விதையும் கரிய பிசினும். இவையே அடையாளம். அக்காயின் சதையை மலமிளக்கியாக மருத்துவர் பயன்படுத்துவர். இதன் உடன்பிறப்பெனத் தக்கது தென்னாட்டிலும் ஈழத்திலும் இயல்பாக வளரும் செங்கொன்றை. பூ இளஞ்சிவப்பாயினும் காய் உருண்டதே.

லின்னேயசு என்னும் அறிஞர் 1753-இல் சரக்கொன்றையையும் ஆவிரையையும் ஓரினமாகவே வைத்தார். 1982-இல் இர்வின், பார்னபி என்னும் இருவர் அவ்வினத்தை மூன்றாகப் பகுத்தனர். வளைந்த மூன்று தாள்களையுடைய சரக்கொன்றையும் செங்கொன்றையும் ஒரு பாலாயின. ஆவிரையும் மஞ்சட்கொன்றையும் வேறு பாலாயின.

சங்கச் சான்றோர் கொன்றையைக் கார்கால மலர் என்பர். இன்றோ அது சித்திரை, வைகாசியில் பூக்கின்றதே எனச் சிலர் ஐயுறுவர். குறுந்தொகையில் கோவர்த்தனார் பாடலொன்று இவ்வையத்தை அகற்றும். பருவமல்லாத மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது. அஃது அறியா மரம் எனத் தோழி தலைவியைத் தேற்றுகின்றாள். கோடை மழைக்கும் இம்மரம் பூக்கும் என்பதனை முன்னோர் நன்கறிந்திருந்தனர். குற்றாலச் சாரல் தொடங்குமுன் மலையடிவாரத்தில் கொன்றை பொன் சொரிவதனைப் பாவூர்சத்திரத்தார் கண்டிருப்பர். மலைக்கு அப்பால் மலையாளத்தார் விஷுக்கணியில் வைப்பதும் இதுவே.

பெயர் மயக்கம் சிறிதன்று. அமெரிக்க நாட்டு மரமொன்று மஞ்சட்கொன்றை என்னும் பெயரோடே முதுமலைக் காட்டிற் பரவி, நாட்டு மரஞ்செடிகள் வளரவொட்டாது நெருக்கியது. அதனை அகற்ற அரசு பெரும்பாடுபட வேண்டியதாயிற்று. அழகுக்கென நட்டது அழிவுக்கு வித்தாயிற்று.

ஆதலின், நந்தவனப் பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள், கன்று வாங்குமுன் தாய்மரத்தின் காயை நோக்குக. உருண்டு நீண்டதாயின் கொள்க, தட்டையாயின் விடுக. திருப்பணியில் கல்லுக்கும் சுதைக்கும் காட்டும் கருத்தினைப் பூமரத்துக்கும் காட்டுதல் வேண்டும். குடமுழுக்கு நன்னாளில் நடும் ஒரு சரக்கொன்றை, வருந்தலைமுறைக்கும் பெருமான் திருமுடிக்கு மலர் தரும். திருவருள் முன்னிற்க.