ஒரே இரவு, 21 மேடைகள்: 1936 அக்டோபர் 27

தேர்தலுக்குச் சரியா ஒரு வாரம் இருக்கு. "ஓட்டுப் போட்டே ஒரு சர்வாதிகாரியைக் கொண்டுவந்துவிடலாம்" என்று சொல்லும் நாடகத்தை, அரசாங்கமே சம்பளம் கொடுத்து நாடு முழுக்கப் போடுமா? அமெரிக்காவில் போட்டிருக்கிறார்கள். 1936 அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை இரவு, 21 அரங்குகளில் ஒரே நாடகம். அடுத்த செவ்வாய் அதிபர் தேர்தல்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1929 பொருளாதார வீழ்ச்சி நாடகத் தொழிலை அடியோடு சாய்த்துவிட்டது. போதாக்குறைக்குப் பேசும் படம் வேறு வந்துவிட்டது. வேலையில்லாத நடிகர், தச்சர், விளக்குக்காரர் எல்லாருக்கும் வேலை கொடுக்க, ரூஸ்வெல்ட் அரசு 1935இல் ஃபெடரல் தியேட்டர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தலைவர் ஹாலி ஃப்ளனகன், வாஸர் கல்லூரியில் நாடகம் கற்பித்தவர். அன்றாடச் செய்தியை அப்படியே மேடையேற்றும் 'உயிருள்ள செய்தித்தாள்' என்ற வடிவத்தை வளர்த்தது இந்தத் திட்டம்தான். அதில் முதலாவதாக எத்தியோப்பியா மீதான முசோலினியின் படையெடுப்பை எடுத்தார்கள். 1936 ஜனவரியில் வாஷிங்டன் குறுக்கே விழுந்தது: வெளிநாட்டுத் தலைவர்களை மேடையில் காட்டக் கூடாது. நாடகம் நின்றது. நியூயார்க் பிரிவை நடத்திய எல்மர் ரைஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

அதே வருஷம் அக்டோபரில்தான் நான் சொல்ல வந்த நாடகம். சின்க்ளேர் லூயிஸ் எழுதிய 'இட் கான்ட் ஹேப்பன் ஹியர்'. தமிழில் "இங்கெல்லாம் அப்படி நடக்காது" எனலாம். நாவல் 1935 அக்டோபரில் வந்தது. லூயிஸின் மனைவி டோரத்தி தாம்ப்ஸன் பத்திரிகையாளர்; ஹிட்லரைப் பேட்டி கண்டவர், 1934இல் ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஆக, செய்தி லூயிஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கதையில் பஸ் வின்ட்ரிப் என்ற அரசியல்வாதி இனிக்க இனிக்கப் பேசி 1936 தேர்தலில் ஜெயித்து, நாட்டையே சிறைக்கூடமாக்குகிறான். எதிர்த்து நிற்பவர் வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பத்திரிகை நடத்தும் டொரீமஸ் ஜெஸப். எம்.ஜி.எம். படமாக்க உரிமை வாங்கியது. 1936 தொடக்கத்தில் கைவிட்டது. ஹாலிவுட் ஒதுக்கியதை அரசுத் திட்டம் கையில் எடுத்தது. விதியில் இருந்த இடைவெளியைக் கவனியுங்க: வின்ட்ரிப் வெளிநாட்டுத் தலைவன் இல்லை, உள்நாட்டுக்காரன். அதிலும் கற்பனை ஆள்!

நாடகமாக்கியது லூயிஸும் ஜான் மாஃபிட்டும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே ஹோட்டலில் தனித்தனி அறைகளில் எழுத, நடுவில் தூது போனவர் ஃப்ளனகன். வசனம் கடைசி வரை மாறிக்கொண்டே இருந்தது. ஊர் ஊராக ஒத்திகை பார்த்தவர்கள் திருத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். 21 இடத்தில் ஒரே நாள் ரிலீஸ், ஆனா ஸ்பெக் இன்னும் முடியலை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இது ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவான பிரசாரம் என்று சிலர் சொன்னார்கள், அவருக்கு எதிரானது என்று சிலர். எனக்கு அந்தச் சண்டையைவிட அரங்குகளின் பட்டியல்தான் சுவாரசியம். நியூயார்க்கில் இத்திஷ் மொழியிலும் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஜெர்மனியில் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சியாட்டிலில் கறுப்பினக் கலைஞர்களின் குழு நடித்தது. கும்பல் கொலைக்கு எதிரான மசோதாவை 1935இல்தான் தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே முடக்கியிருந்தார்கள். அந்தக் குழு மேடையேறி "இங்கெல்லாம் நடக்காது" என்ற தலைப்பில் நடித்தால் அதன் பொருளே வேறு. தலைப்பில் இருக்கிற "இங்கே" என்ற சொல் ஊருக்கு ஊர் மாறிவிட்டது என்பது என் வாசிப்பு.

மிகப் பொருத்தமான "இங்கே" எதுவோ, அங்கே நாடகம் போடப்படவே இல்லை. நியூ ஆர்லியன்ஸ். லூசியானாவைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்த ஹூயி லாங் 1935 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தார். வின்ட்ரிப்புக்கு முன்மாதிரியே அவர்தான் என்று ஊரே பேசியது. சாயல் ரொம்பத் தெரிகிறது என்று அங்கே நிறுத்திவிட்டார்கள்.

என்னை அதிகம் இழுத்தது ஃப்ளோரிடாவின் டாம்பா. அங்கே ஈபோர் சிட்டி பகுதி முழுக்கச் சுருட்டுத் தொழிலாளிகள். கியூபர்கள், ஸ்பானியர்கள், இத்தாலியர்கள். சுருட்டு ஆலைகளில் 'லெக்டோர்' என்று ஒருவர் இருப்பார். உயரமான மேடையில் உட்கார்ந்து, தொழிலாளிகள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி தருவதில்லை; தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து போட்டுத் தருவார்கள். எழுத்தறியாதவருக்கும் உலகச் செய்தி அத்துப்படி. 1931இல் முதலாளிகள் லெக்டோர்களை நீக்கினார்கள். தீவிரக் கருத்தைப் பரப்புகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது. படித்தவர் இடத்தில் ரேடியோ வந்தது.

அப்படி வேலை போன லெக்டோர்களில் ஒருவர் மானுவல் அபரிசியோ. ஃபெடரல் தியேட்டரின் ஸ்பானிஷ் குழுவை டாம்பாவில் நடத்தியவர் அவர். நாடு முழுக்க அந்த மொழிக்கு இருந்தது அந்த ஒரே குழு. ஆலையில் வாயடைக்கப்பட்ட குரல், அரசாங்கச் சம்பளத்தில் மேடைக்கு வந்தது. லூயிஸின் நாடகத்தை அவர்கள் ஸ்பானிஷில் போட்டபோது ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்று மாதம். அரங்கில் இருந்த பலருக்கு அந்தப் போர் சொந்த ஊர்ச் செய்தி.

தேர்தல் நவம்பர் 3. கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்ட 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், லாண்டன் ஜெயிப்பார் என்றது. முகவரி எடுத்தது டெலிபோன் பட்டியலிலும் கார்ப் பதிவிலும்! பஞ்ச காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? டேட்டா எவ்வளவு இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. மிச்சம் இரண்டு மெய்னும், ஜெஸப்பின் வெர்மான்ட்டும்.

ஃபெடரல் தியேட்டருக்கான பணத்தை 1939 ஜூன் 30ஓடு காங்கிரஸ் நிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம் நடந்த விசாரணையில் ஓர் உறுப்பினர் ஃப்ளனகனிடம், கிறிஸ்டோஃபர் மார்லோ கம்யூனிஸ்டா என்று கேட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து மார்லோவை! இந்தக் கதையைப் பலரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். டாம்பாவின் கதை அவ்வளவு பிரபலமில்லை. 1937இலேயே, அரசு வேலைத் திட்டங்களில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று காங்கிரஸ் முடிவு செய்தது. ஈபோர் சிட்டி நடிகர்கள் பலரிடம் குடியுரிமைக் காகிதம் இல்லை. அவர்களுக்கு வேலை போனது. அந்தக் குழு நிலைக்கவில்லை. ஆலைகளில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.